கொம்பில் வாய் வைக்காதவள்

என் மகளின் பள்ளிப் பையை நான் வாரத்துக்கு ஒரு தடவை சோதிப்பேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளையின் பை, மேசை லாச்சி, உடுப்பு அலுமாரி எல்லாம் தாயின் ஆட்சிக்குள் வருபவை. சாப்பிடாமல் கொண்டுவந்த பாண், கையெழுத்துக்குக் காட்டாமல் மறைத்த சோதனைத்தாள், யாராவது எழுதிக் கொடுத்த துண்டு என்று ஏதாவது அகப்படுமா எனத் தேடுவேன். பெரும்பாலும் பாண்தான் அகப்படும்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த குணம். தமிழ்க் கடையில் நுனி முறித்துப் பார்த்து வாங்கிய வெண்டிக்காயை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை முறித்துப் பார்ப்பேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தால், இது பிந்தி வந்த முந்தின பஸ்ஸாக இருக்குமோ என்று யோசிப்பேன். என்னைப் பொலிசில் சேர்த்திருந்தால் ஜேர்மனியில் கள்ளரே இருந்திருக்க மாட்டார்கள் என்று கணவர் பகிடி பண்ணுவார். அவர் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்பவர். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில். ஒரே பிள்ளை. அவர் நம்பினார், நான் சோதித்தேன். வீடு அப்படித்தான் ஓடியது.

அவளுக்குப் பதினாறு வயதான மார்ச் மாதம் ஒரு நாள் பைக்குள் பாண் இருக்கவில்லை. கணிதப் புத்தகத்துக்குக் கீழே கறுப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. திறந்தேன். தமிழும் இல்லை, ஜேர்மனும் இல்லை. குச்சிகளை முறித்து அடுக்கியது போன்ற எழுத்துகள், பக்கம் பக்கமாக. இடையிடையே ஓநாய், காகம், வேரோடு ஒரு பெரிய மரம் என்று படங்கள். கொப்பியின் பின்னுறைக்குள் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் தோல் நூலில் கோர்த்த இரும்புச் சுத்தியல் ஒன்று, என் பெருவிரல் நகத்தின் அளவில்.

அந்தச் சுத்தியலை நான் முன்னரே பார்த்திருக்கிறேன். கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களைக் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் அகதி முகாமில் விட்டிருந்தார்கள். பின்னேரங்களில் முகாம் வாசலுக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் பியர் போத்தல்களோடு வந்து நிற்பார்கள். மொட்டைத் தலை, தடித்த சப்பாத்து. அவர்களில் ஒருவனின் கழுத்தில் இது தொங்கியது. ஒரு நாள் எங்கள் அறை யன்னலை உடைத்துக்கொண்டு கல் வந்து விழுந்தது. நான் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தேன், கணவர் கதவுக்குக் குறுக்கே அலுமாரியை இழுத்தார். பொலிஸ் வருவதற்கு முன் அவர்கள் பாடிக்கொண்டே போய்விட்டார்கள். பாட்டின் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. சுத்தியல் கண்ணில் நின்றுவிட்டது.

இப்போது அதை என் பிள்ளையின் பைக்குள்ளிருந்து எடுக்கிறேன். எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி திரும்ப வைத்தேன்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உசாராகிவிடுவாள், கொப்பியை வேறெங்காவது ஒளிப்பாள், பிறகு எனக்கு ஒன்றுமே தெரியவராது என்று நினைத்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, கறுத்தப் பிள்ளையை அவங்கள் தங்கள் கூட்டத்தில் சேர்ப்பாங்களா, உமக்கு விசரா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சேர்க்காமல், ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது செய்யலாமே என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

அவளுடைய சிநேகிதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் மகளுக்கு அதுவரை சிநேகிதம் என்று ஒருவரும் இருந்ததில்லை. வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள், அங்கேயும் அவள் ஒருத்தியாகத்தான் நின்றாள். தமிழ் தடக்குகிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நடனத்தைப் பாதியில் விட்டவள் என்று தாய்மார் என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். பள்ளி இடைவேளைகளில் கழிவறைக்குள் நின்று நேரம் போக்குவதாக ஒரு தடவை அவளே வாய் தவறிச் சொன்னாள். அடுத்த நாள் வேலையில் வெங்காயம் உரித்தபடி அழுதேன். வெங்காயம் வசதியாகப் போயிற்று, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பதினைந்தாவது வயதில்தான் ஒரு செம்பட்டை முடிக்காரி இவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். வேறு நகரத்திலிருந்து மாறி வந்தவள், அவளுக்கும் ஆளில்லை. இரண்டு பேரும் நகர நூலகத்தில் பின்னேரம் முழுக்க இருந்து வடக்குத் தேசங்களின் பழைய கடவுள்களைப் பற்றி வாசித்தார்கள். சிநேகிதியின் தாய் அந்தக் கடவுள்களை இன்றைக்கும் கும்பிடுகிற ஒரு சிறு கூட்டத்தை நடத்துபவராம். வீட்டுக்கு வரும்போது என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பெண்ணை வாசலில் வைத்து மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு வடை கொடுத்தேன்.

நான் சமைக்கும்போது மகள் மேசையில் ஏறி இருந்து அந்தக் கதைகளைச் சொல்லுவாள். பாதித் தமிழ், பாதி ஜேர்மன். கடவுள்களின் பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை. ஒற்றைக்கண்ணர், சுத்தியல்காரர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒற்றைக்கண்ணர் அறிவு வேண்டி ஒரு கண்ணைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவர். எங்கள் நாயன்மாரிலும் கண்ணைக் கொடுத்த ஒருவர் இருக்கிறார், அதைப் படிக்கலாமே என்றேன். எங்களுடையவருக்குக் கண் திரும்பக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் இவரைப் பிடிக்கும் என்றாள். இந்தக் கடவுள்களுக்குக் கடைசிச் சண்டையில் தாங்கள் தோற்கப் போவது முதலே தெரியுமாம். தெரிந்துகொண்டும் ஒவ்வொரு நாளும் எழும்பித் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்களாம். அப்படிப் பார்த்தால் உன் அப்பாவும் ஒரு கடவுள்தான் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இவ்வளவையும் இவளுக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று யோசித்தேன்.

ஒரு நாள் ஓநாயின் கதையைச் சொன்னாள். கடவுள்கள் ஒரு ஓநாய்க் குட்டியைத் தங்கள் வீட்டிலேயே வளர்க்கிறார்கள். அது ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது. அதன் பருமனைப் பார்த்துப் பயந்து, விளையாட்டு என்று ஏமாற்றி அதைக் கட்டப் பார்க்கிறார்கள். ஓநாய்க்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. உங்களில் ஒருவர் என் வாய்க்குள் கையை வையுங்கள், அப்போது நம்புகிறேன் என்கிறது. அதுவரை அதற்குச் சாப்பாடு வைத்து வந்த ஒரே ஒரு கடவுள் மட்டும் முன்னுக்கு வந்து கையை வைக்கிறார். கட்டு இறுகுகிறது. அவிழ்க்க மாட்டோம் என்கிறார்கள். கை போய்விடுகிறது.

"ஆரிலை பிழை, அம்மா?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. ஓநாய் என்றால் ஓநாய்தான், விட்டால் கடிக்கும், கட்டினது சரி என்றேன். அது கட்டின பிறகுதானே கடித்தது என்று சொல்லிவிட்டு மேசையிலிருந்து இறங்கித் தன் அறைக்குப் போனாள். இந்தப் பிள்ளை யாருக்காக வழக்குப் பேசுகிறது என்று எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

அதற்குப் பிறகு விசாரணையில் இறங்கினேன். நூலகத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் போய், என் மகள் என்ன புத்தகங்கள் எடுக்கிறாள் என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது, ஆனால் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்ததால் நம்பவில்லை. கொலோனில் இருக்கும் கணவரின் ஒன்றுவிட்ட தம்பிக்கு, யாருக்கென்று சொல்லாமல் ஒரு சந்தேகம் என்று போன் எடுத்தேன். வெளிநாட்டவரை வெறுக்கிற கூட்டங்கள் இந்தச் சுத்தியலையும் எழுத்துகளையும் தங்கள் அடையாளமாக வைத்திருக்கின்றன, அதேநேரம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத எத்தனையோ பேரும் போடுகிறார்கள் என்றார் அவர். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கொப்பியின் பக்கங்களையும் சுத்தியலையும் என் போனில் படம் எடுத்தேன். வகுப்பாசிரியையிடம் சந்திக்க டெர்மின் வாங்கி, அந்த நேரத்துக்கு, வேலையிலிருந்து பாதி நாள் லீவு போட்டுப் போனேன். படங்களைக் காட்டி, இது ஆபத்தா என்று மட்டும் கேட்கத்தான் நினைத்திருந்தேன். ஆசிரியையின் முகம் மாறியது. லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் வரிசையாக அடையாளங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் பேனாவால் தொட்டு, இதை வீட்டில் கண்டிருக்கிறீர்களா என்றார். கண்டவற்றுக்கு நான் தலையாட்டினேன். சுத்தியலை யார் கொடுத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாமலே, சிநேகிதியாகத்தான் இருக்கும் என்றேன். தாயின் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். என் பெயர் வெளியே வராது என்று ஆசிரியை உறுதி தந்தார். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வழியில் ஒரு பிறெட்சல் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து இரண்டு பிள்ளைகளையும் வகுப்பிலிருந்து தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படியான விஷயங்களைக் கவனிக்க வெளியிலிருந்து வந்த ஒரு ஆலோசகர் மேசையில் கொப்பியின் படங்களைப் பரப்பி வைத்திருந்தாராம். பின்னேரம் மகள் வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

"வெளிநாட்டுக்காரரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் எண்டு என்னட்டைக் கேட்டவை, அம்மா. என்னட்டை!"

பிறகு அழத் தொடங்கினாள். ஒரு கிழமைக்குள் இதில் பிழை ஒன்றும் இல்லை என்று பள்ளிக்கூடமே சொல்லி, மன்னிப்பும் கேட்டது. ஆனால் வகுப்பில் இரண்டு பேருக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நான் எழுதப் போவதில்லை.

அதைவிட மோசமானது வேறொன்று. யார் காட்டிக்கொடுத்தது என்று மகள் யோசித்தாள். ஆசிரியையிடம் படங்கள் போய்ச் சேர்ந்த கிழமையில் கொப்பி இரண்டு நாள் சிநேகிதியிடம் இருந்திருக்கிறது. பயந்துபோய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள்தான் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று என் மகள் முடிவெடுத்தாள். வீட்டில் யாராவது, என்று கணவர் இழுத்தார். அவருக்கு என்னைத் தெரியும்.

"வீட்டிலை ஒருத்தரும் என்ரை சாமானைத் தொடுறேல்லை, அப்பா," என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். அவள் அப்படி நம்பிக்கொண்டிருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

சொல்லியிருக்கலாம். அன்றே, அந்த மேசையிலேயே. சொல்லவில்லை. எங்கள் ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும்போது, முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கத் தலையாட்டுகிறவர்கள் இருந்தார்கள். தலையாட்டி என்று அவர்களுக்குப் பெயர். என் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அந்தச் சனத்தை வாழ்நாள் முழுக்கத் திட்டியவள் நான், இந்த நாட்டில் ஒரு ஆசிரியையின் மேசைக்கு முன்னால் இருந்து என் பிள்ளைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வெட்கம் வாயை அடைத்தது. இன்னொன்றும் இருந்தது, எழுதக் கூசுகிறது. மனதின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. எப்படியோ அந்தக் கூட்டம் இவளை விட்டுத் தொலைந்தது என்று.

சிநேகிதி இரண்டு தடவை வீட்டு வாசலுக்கு வந்தாள். தான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னாள் மகள், நான் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தை நேராகப் பார்த்து, தான் செய்யவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டு, மழை வரும் போலிருக்கிறது, அவள் குடை கொண்டுவரவில்லை என்று மட்டும் மகளிடம் சொன்னேன். மகள் வகுப்பில் அவளுக்குப் பக்கத்திலிருந்து வேறு வாங்குக்கு மாறிவிட்டாள். இடைவேளைகளில் எங்கே நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை. சமையலறை மேசையில் ஏறி இருப்பதும் நின்றுபோயிற்று.

செப்டெம்பர் தொடக்கத்தில் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் கொண்டாட்டத்துக்கு என் மகளை வரச் சொல்லிச் சிநேகிதியின் தாய் எழுதியிருந்தார். இலையுதிர் காலத் தொடக்கத்தை அவர்கள் ஒரு சனிக்கிழமை கூடிக் கொண்டாடுவார்களாம். வட்டமாக இருந்து ஒரே மாட்டுக்கொம்பில் எல்லாரும் குடிப்பார்கள். மனஸ்தாபப்பட்டவர்கள் அந்தக் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மனதில் உள்ளதைச் சொல்லித் தீர்ப்பது அவர்கள் வழக்கம். கொம்பைப் பிடித்துக்கொண்டு பொய் பேசுவதில்லை. பதினெட்டு வயது ஆகாதவர்கள் முதல் தடவை வரும்போது தாயோ தகப்பனோ கூட வரவேண்டும்.

எல்லாருக்கும் முன்னால் வைத்து அவளைக் கேட்கப் போகிறேன், நீங்கள் வாருங்கள் என்றாள் மகள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கணவருக்கு அன்று வேலை, பிள்ளையைத் தனியே விட முடியாது, அந்த ஆட்களை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடவும் வேண்டும். போனேன்.

ரயிலில் போய், பஸ்ஸில் மலையேறி, காட்டோரத்தில் இறங்கினோம். நல்ல வெயில். கார் நிறுத்துமிடத்தில் சிக்னல் தேடுவது போலப் பாவனை பண்ணிக்கொண்டு பதினொரு காரின் நம்பர்களைப் படம் எடுத்தேன். மகள் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கவனிக்கவில்லை. பெரிய தாடி வைத்த ஒரு ஆள் கவனித்தார். ஒன்றும் சொல்லாமல் விறகைத் தூக்கிக்கொண்டு போனார்.

பீச் மரங்களுக்கு நடுவே நெருப்பு மூட்டுகிற இடத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். ஆறு கழுத்துகளில் சுத்தியல் எண்ணினேன். ஒரு மொட்டைத் தலையும் இருந்தது. அவர் குழந்தைக்குப் பம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். இருந்தாலும் மொட்டை மொட்டைதானே என்று அவரிலும் ஒரு கண் வைத்தேன். சிநேகிதியின் தாய் வந்து கைகொடுத்தார். நெட்டையான மனுஷி. இந்த அடையாளங்களை அந்த வெறிபிடித்த கூட்டங்கள் தங்களிடமிருந்து களவெடுத்துக்கொண்டன, அவர்களில் யாராவது இங்கே வந்தால் துரத்திவிடுவோம் என்றார். கள்ளர் வேறென்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையசைத்தேன். போன வருடம் தங்களை வேவு பார்க்க ஒருவர் வந்திருந்ததாகவும், அதிலிருந்து புது ஆட்களைக் கண்டால் சிலருக்குச் சங்கடம் என்றும், நான் ஒன்றும் நினைக்கக் கூடாது என்றும் சொன்னார். என் கையில் இருந்த போன் சுட்டது.

வட்டமாக இருந்தோம். எதிரே சிநேகிதி. முகம் மெலிந்து போயிருந்தது. இரண்டு கொம்புகள் சுற்றின. ஒன்றில் தேனில் செய்த மது, மற்றதில் பிள்ளைகளுக்கும் கார் ஓட்டுகிறவர்களுக்கும் அப்பிள் ஜூஸ். ஜூஸ் கொம்பு எங்கள் பக்கம் வந்தது. மினுக்கிய பெரிய மாட்டுக்கொம்பு. ஒவ்வொருவரும் அதை உயர்த்தி, இறந்துபோன ஒருவரையோ, நன்றி சொல்ல வேண்டியவரையோ நினைத்து இரண்டு சொல் சொல்லிக் குடித்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பதினைந்து பேரளவில் அதில் வாய் வைத்துவிட்டார்கள். எனக்குப் பிறகு என் மகள். அவளுடைய முறையில்தான் அவள் கேட்கப் போகிறாள்.

கொம்பு என் கைக்கு வந்தது. பொதுப் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்து எச்சில் பண்ணக் கூடாது என்று சின்ன வயதில் எனக்கு அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். அடுத்தவர் குடிக்க வேண்டியதை அசுத்தம் பண்ணாமல் கொடுப்பதுதான் மரியாதை. கை தன் பாட்டில் கொம்பைத் தூக்கியது. அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றினேன். செம்பென்றால் நூல் போல விழும். கொம்பு அப்படி இல்லை. முதலில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் சரித்தேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று விலகி, ஜூஸ் ஒரேயடியாக என் மூக்கிலும் கண்ணிலும் சேலையிலும் கொட்டியது. இருமி முடித்து நிமிர்ந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு விளிம்பில் எல்லார் வாயும் படுவதுதான் அவர்களுக்குச் சடங்கு. விளிம்பில் வாய் வைக்க மறுப்பவர், உங்களோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்கிறார். தாடிக்காரர் எழும்பினார். இந்த அம்மா வந்ததிலிருந்து எங்கள் கார் நம்பர்களைப் படம் எடுக்கிறார், இப்போது எங்களோடு குடிக்கவும் மாட்டேன் என்கிறார், யார் அனுப்பி வந்திருக்கிறார் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாரையும் பார்க்கிற பார்வையால் என்னைப் பார்த்தார்கள்.

என் மகள் எழும்பி நின்றாள். வகுப்பில் கை உயர்த்திப் பேசாத பிள்ளை. எங்கள் வீடுகளில் பொதுப் பாத்திரத்தில் வாய் வைப்பதில்லை, அடுத்தவருக்காகத்தான் அப்படிக் குடிப்பது, அவமதிக்க இல்லை என்று நல்ல ஜேர்மனில் தெளிவாகச் சொன்னாள். படம் எடுத்தது தெரியாது, ஏதாவது காரணம் இருக்கும் என்றாள். கடைசியாகச் சொன்னது இது: "என்ரை அம்மா ஒளிச்சு ஒண்டும் செய்யிற ஆள் இல்லை." ஜேர்மனில் சொன்னதைத் தமிழிலும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள், நான் கலங்கிப் போய்விடக் கூடாது என்று.

கொம்பு இன்னும் என் கையில் இருந்தது. நான் கும்பிடாத கடவுள்கள், எனக்கு அவர்களுடைய சட்டம் இல்லை. ஆனால் இன்னொரு நிமிடம் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. எழும்பினேன். என் ஜேர்மன் வேலைத்தல ஜேர்மன், வளைத்துப் பேசத் தெரியாது.

"கொப்பியைப் படம் எடுத்தது நான். ஆசிரியையிடம் கொடுத்ததும் நான். அந்தப் பிள்ளை இல்லை."

சிநேகிதியின் தாய் கண்ணை மூடிக்கொண்டார். கொம்பின் அடியில் ஒரு மிடறு மிஞ்சியிருந்தது. விளிம்பில் வாயை வைத்துக் குடித்தேன். பிறகு கொம்பை மகளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு அடுத்ததாக இருந்தவர் கையை நீட்டினார், அவரிடமும் கொடுக்கவில்லை. வட்டத்துக்குக் குறுக்கே, நெருப்பைச் சுற்றி நடந்து போய், வெறும் கொம்பைச் சிநேகிதியின் கையில் வைத்து என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் கொம்பை மடியில் போட்டுவிட்டு இவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். மகள் அங்கேயே இருந்துவிட்டாள். என் பக்கத்து இடம் கடைசி மட்டும் வெறுமையாக இருந்தது. தாடிக்காரர் ஒரு சமையலறைத் துவாயோடு வந்து, முகத்தைத் துடையுங்கள் என்றார். கார் நம்பர்கள் இன்னும் தேவையா என்றும் கேட்டார். அவருக்கு முன்னாலேயே பதினொன்றையும் அழித்தேன்.

திரும்பும்போது சிநேகிதியும் ரயில் நிலையம் வரை கூட வந்தாள். பஸ்ஸில் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னுக்கு இருந்தார்கள், நான் பின்னுக்கு. ஐந்து மாதத்துக்குப் பிறகு மகள் சிரிப்பது கேட்டது. ரயில் நிலையத்தில் சிநேகிதி போன பிறகு, மேடையில் நின்றபடி எல்லாவற்றையும் மகளிடம் ஒப்புவித்தேன். பையைச் சோதித்தது, நூலகம், கொலோனுக்கு எடுத்த போன், அந்தத் தாள், தலையாட்டியது, வாசலில் சிநேகிதி சொல்லிவிட்டு நான் மறைத்த செய்தி. அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்று தன் அறைக்குப் போனவள், கதவைப் பிடித்தபடி நின்று திரும்பினாள்.

"லைப்ரரியிலை கேட்டனீங்கள். சித்தப்பாட்டைக் கேட்டனீங்கள். ரீச்சரிட்டைக் கேட்டனீங்கள்," என்றாள். "என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

அதற்கு மன்னித்துக்கொள் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். வழி முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கேட்டிருந்தால் உண்மை சொல்லியிருப்பியோ?"

"ஓம்," என்றாள்.

அந்த ஓம் உண்மையோ என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம்தான். அவள் அதைக் கண்டுவிட்டாள்.